முப்பது தொட்டி, இரண்டு பூனை

கேள்வி: டாக்டர், வணக்கம். பால்கனியிலும் மொட்டைமாடியிலுமாக முப்பது தொட்டிக்கு மேல் செடி வளர்க்கிறேன். நாலு மாதத்துக்கு முன்பு இரண்டு பூனைக்குட்டிகள் வந்து சேர்ந்தன. போன வாரம் சின்னது மணி பிளான்ட் இலையைக் கடித்துவிட்டு, வாயிலிருந்து நுரை நுரையாக எச்சில் வடிய, முன்காலால் வாயைப் பிறாண்டிக்கொண்டே ஓடியது. ஒரு மணி நேரத்தில் சரியாகிவிட்டது. எனக்குத்தான் சரியாகவில்லை. இணையத்தில் தேடினால் நூற்றுக்கணக்கான பெயர்கள் வருகின்றன. என் தொட்டிகளில் பாதி அந்தப் பட்டியலில் இருக்கிறது. "செடியா, பூனையா? ஏதாவது ஒன்றை முடிவு செய்" என்கிறார் கணவர். "பூனைக்குத் தெரியாததா? ஆகாததை அது வாயில் வைக்காது" என்கிறார் மாமியார். யார் சொல்வது சரி? என்னிடம் இருப்பவை: மணி பிளான்ட், டிஃபென்பாக்கியா, பீஸ் லில்லி, கற்றாழை, ஸ்நேக் பிளான்ட், அடீனியம், அரளி, சைக்கஸ், நித்தியகல்யாணி, சாமந்தி, ரோஜா, மல்லிகை, செம்பருத்தி, துளசி. ஓரியண்டல் லில்லி இரண்டு தொட்டி, இப்போதுதான் மொட்டு விட்டிருக்கிறது. எதையாவது தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

மீதியைப் பிறகு படியுங்கள். முதலில் எழுந்துபோய் அந்த ஓரியண்டல் லில்லித் தொட்டிகள் இரண்டையும் வீட்டை விட்டு வெளியே எடுத்து வையுங்கள். மாடியிலேயே ஓரமாக நகர்த்துவது, உயரத்தில் வைப்பது, வலை கட்டுவது எதுவும் வேண்டாம். பூனை இல்லாத யாருக்காவது கொடுத்துவிடுங்கள். வாங்க ஆளில்லை என்றால் கிழங்கோடு பிடுங்கி, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். உதிர்ந்த இலை கிடந்தால் பொறுக்கிவிடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வாருங்கள்.

இனி நிதானமாகப் பேசலாம். உங்கள் பட்டியலில் நான் பேரம் பேசத் தயாராக இல்லாத செடி அது ஒன்றுதான். ஏன் என்று சொல்கிறேன்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒருநாள் மாலை எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. "டாக்டர், பூனை ரெண்டு தடவை வாந்தி எடுத்தது. இப்போ படுத்துத் தூங்குது." சாப்பாட்டில் ஏதோ சேரவில்லை, நாளைவரை பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் அழைப்பு வரவில்லை. மூன்றாம் நாள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வெள்ளைப் பூனை. மேசையில் வைத்ததும் அப்படியே உட்கார்ந்திருந்தது. ஓடவும் இல்லை, சீறவும் இல்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டு சிறுநீரகங்களும் வீங்கியிருந்தன. அழுத்தினால் வலியில் முனகியது. மூத்திரப்பை காற்றுப்போன பலூன் மாதிரி காலியாக இருந்தது. விசாரித்துக்கொண்டிருக்கும்போதே அந்த வீட்டுப் பையன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். மூன்று நாள் முன்பு எடுத்தது. பூனையின் மூக்கோரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு, மீசை வரைந்ததுபோல. எல்லோரும் சிரித்துக்கொண்டே எடுத்த படம். பூச்சாடியிலிருந்த லில்லியை முகர்ந்தபோது ஒட்டிய மகரந்தம் அது. சிரித்து முடிப்பதற்குள் பூனை அதை நக்கிச் சுத்தம் செய்துவிட்டது.

அந்தப் பூனை பிழைக்கவில்லை. முதல்நாள் தொலைபேசியிலேயே "வீட்டில் பூ ஏதாவது வந்ததா?" என்று நான் கேட்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து, வாந்தி என்று எந்தப் பூனை வந்தாலும் என் முதல் கேள்வி அதுதான்.

லில்லியம் என்ற இனத்துச் செடிகள் எல்லாமும் (ஈஸ்டர், ஆசியாடிக், ஓரியண்டல், டைகர் என்று எந்தப் பெயரில் வந்தாலும்) பூனையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். டே லில்லி என்ற ஹெமரோகாலிஸ் வேறு இனம். ஆனால் அதுவும் இதையேதான் செய்யும். இதழ், இலை, தண்டு, கிழங்கு, மகரந்தம், பூச்சாடியில் தேங்கிய தண்ணீர் எல்லாமே விஷம். இலையில் இரண்டு கடி போதும். உள்ளே இருக்கும் நச்சுப்பொருள் எது என்று இன்றுவரை பிரித்து அடையாளம் காணப்படவில்லை. ஆகவே மாற்று மருந்தும் கிடையாது. நாய் இதே செடியைத் தின்றால் வயிற்றுக் கோளாறோடு போய்விடும், சிறுநீரகம் கெடாது. பூனைக்கு மட்டும்தான் இந்தச் சாபம். மகரந்தத் தண்டுகளைக் கத்தரித்துவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். கறை படியாமல் இருக்க அது உதவும், உயிர் காக்க உதவாது.

இதில் ஏமாற்றும் விஷயம் காலம். தின்ற சில மணி நேரத்தில் வாந்தி, எச்சில், சோர்வு. பிறகு வாந்தி நின்றுவிடும். "சரியாகிவிட்டது" என்று வீட்டில் எல்லோரும் மூச்சு விடுவார்கள். அந்த நேரத்தில்தான் சிறுநீரகத் திசுக்கள் செத்துக்கொண்டிருக்கும். ஒரு நாளிலிருந்து மூன்று நாளுக்குள் சிறுநீரகம் செயலிழக்கும். தின்ற 18 மணி நேரத்துக்குள் நரம்பு வழியாகத் திரவம் ஏற்ற ஆரம்பித்து, இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஏற்றினால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். மூத்திரம் நின்ற பிறகு வந்தால் என் கையில் அதிகம் இல்லை.

பெயரால் வரும் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். உங்களிடம் உள்ள பீஸ் லில்லி உண்மையான லில்லி இல்லை. மணி பிளான்ட்டின் சொந்தக்காரச் செடி. அது வாயை எரிக்கும், சிறுநீரகத்தைத் தொடாது. காலா லில்லியும் அப்படியே. சிலர் லில்லியை 'அல்லி' என்று தமிழாக்கிவிடுகிறார்கள். குளத்து அல்லிக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. ஆனால் செங்காந்தளை ஆங்கிலத்தில் லில்லி என்றுதான் சொல்வார்கள். அதில் இருப்பது கொல்ச்சிசின் என்ற வேறு நஞ்சு; பூனை, நாய், மனிதர் என்று பேதம் பார்க்காது. அதன் கிழங்கு கொடியதிலும் கொடியது. ஆகவே நாற்று வாங்கும்போது அட்டையில் எழுதியிருக்கும் செல்லப்பெயரை நம்பாமல் தாவரவியல் பெயரைக் கேட்டு வாங்குங்கள். விற்பவருக்குத் தெரியவில்லை என்றால் படம் எடுத்து வந்து பார்த்துவிட்டு, பிறகு வாங்கினால் போதும்.

இப்போது உங்கள் மாமியாருக்கு. அவர் சொல்வதில் பாதி உண்மை. வளர்ந்த பூனை கசப்பை நன்றாக உணரும். கசக்கும் இலையை ஒரு கடி கடித்துத் துப்பிவிட்டுப் போகும் பூனைகளே அதிகம். மாடுபோல நின்று மேயும் பிராணி அல்ல அது. அதனால்தான் இத்தனை வீடுகளில் இத்தனை செடிகளும் பூனைகளும் சேர்ந்து வாழ்கின்றன.

மீதிப் பாதி இப்படி. குட்டிக்கு உலகத்தை அறிய வாய்தான் வழி. ஆடும் இலை எல்லாம் அதற்கு இரை. அடுத்து, பூனை எதையும் வேண்டுமென்று தின்னத் தேவையில்லை. ஒரு செடிக்குள் புகுந்து வந்தால் முடியில் ஒட்டியது எல்லாம் சாயந்திரத்துக்குள் வயிற்றுக்குள் போய்விடும், நக்கி நக்கி. மூன்றாவது, பூனையின் கல்லீரல். காலங்காலமாக இறைச்சி மட்டுமே தின்று வந்த பிராணி என்பதால், தாவர நச்சுகளையும் மருந்துகளையும் கட்டிப்போட்டு வெளியேற்ற நம் கல்லீரல் பயன்படுத்தும் ஒரு நொதிவழி அதற்குச் சரியாக வேலை செய்வதில்லை. நாம் தலைவலிக்குப் போடும் பாராசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும் என்றால் புரியும். காட்டில் தன்னைச் சுற்றி வளர்ந்த செடிகளைப் பற்றி அதற்கு ஏதாவது தெரிந்திருக்கலாம். எங்கிருந்தோ கொண்டுவந்து நாம் பால்கனியில் வைத்த டிஃபென்பாக்கியாவை அதற்கு எப்படித் தெரியும்?

புல் தின்பது வேறு. அது நோயின் அறிகுறி இல்லை. பெரும்பாலான பூனைகளின் இயல்பு. அதைத் தடுக்கப் பார்க்காதீர்கள், வழி செய்து கொடுங்கள். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

அந்தப் பெரிய பட்டியல்களைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவின் விலங்கு நல அமைப்பான ஏ.எஸ்.பி.சி.ஏ. வெளியிட்டிருக்கும் நச்சுச் செடிப் பட்டியல் நல்ல பட்டியல். நானே பார்ப்பது உண்டு. ஆனால் ஒரு தடவை வாந்தி எடுக்க வைக்கும் செடியும் மூன்று நாளில் கொல்லும் செடியும் அதில் பக்கத்துப் பக்கத்தில் அகர வரிசையில் நிற்கும். படிப்பவர் இரண்டுக்கும் ஒரே அளவு பயப்படுவார். அல்லது 'எல்லாமே விஷமாம்' என்று அலுத்துப்போய் எதற்குமே பயப்படமாட்டார். இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது. எனவே உங்கள் தொட்டிகளை வேறு கணக்கில் பிரிக்கலாம்: எந்த உறுப்பைத் தொடும் விஷம்?

வாயோடு நிற்பவை முதலில். மணி பிளான்ட், டிஃபென்பாக்கியா, பீஸ் லில்லி மூன்றும் ஒரே குடும்பம். சேம்பு இலைத்தண்டை ஒடித்தால் கை அரிக்குமே, அதே சங்கதி. இலைக்குள் ஊசி மாதிரிக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டிருக்கும். கடித்த நொடியில் அவை தெறித்து நாக்கிலும் ஈறிலும் குத்தும். உங்கள் குட்டி வாயைப் பிறாண்டியது அதனால்தான். ஒருவகையில் இது நாணயமான விஷம்: உடனே வலிக்கும், அதனால் இரண்டாவது கடி விழாது, உடம்புக்குள் போய் உறுப்புகளைக் கெடுப்பதும் அரிது. ஈரத்துணியால் வாயைத் துடைத்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் வைத்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் அடங்கிவிடும். நாக்கு வீங்கினாலோ, மூச்சு விடச் சிரமப்பட்டாலோ, அடுத்த வேளைச் சாப்பாட்டை மறுத்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். மூன்றில் டிஃபென்பாக்கியா கொஞ்சம் மூர்க்கம். அதை மட்டும் பூனை புழங்காத அறைக்கு மாற்றுங்கள். மணி பிளான்ட்டை விட்டெறிய வேண்டியதில்லை. தொங்கும் கொடியைக் கத்தரித்து விடுங்கள். காற்றில் ஆடும் கொடிதான் குட்டியைக் கூப்பிடுகிறது. தரைக்கு ஓரடி மேலே ஆடும் இலையைப் பார்த்துவிட்டுச் சும்மா போகும் பூனைக்குட்டி இன்னும் பிறக்கவில்லை.

இதயத்தைத் தொடுபவை அரளியும் அடீனியமும். இரண்டும் பார்க்க வேறு வேறு; குடும்பம் ஒன்று, விஷமும் ஒரே வகை. இதயத் தசையில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் மாற்றி மாற்றி அனுப்பும் இயக்கத்தை நிறுத்திவிடும். துடிப்பு தாறுமாறாகி, மெதுவாகி, நின்றுபோகும். அரளி இலை காய்ந்து சருகான பிறகும் விஷம் போகாது என்பது பலருக்குத் தெரியாது. கவாத்து செய்து ஓரமாகக் குவித்து வைக்கும் வழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். அடீனியத்தின் கிளையை வெட்டினால் வடியும் பால் இன்னும் நேரடியான ஆபத்து. சொட்டிய தரையில் பூனை நடந்து, பாதத்தை நக்கினால் போதும். மஞ்சள் அரளி, ரணகள்ளி வகைகள், கடைகளில் குட்டித் தொட்டியில் பூத்துக் குலுங்கும் கலஞ்சோ எல்லாம் இதே கணக்கில் சேரும். அரளி இரண்டாவது வெளியேற்றம். அடீனியத்தை நீங்கள் வருடக்கணக்காக வளர்த்து அடிமரம் பருக்க வைத்திருப்பீர்கள், மனசு வராது. பூனை போகவே முடியாத பூட்டிய மாடிப் பகுதி இருந்தால் அங்கே வைத்துக்கொள்ளுங்கள். அப்படி இடமில்லை என்றால் நண்பர் வீட்டுக்கு.

கல்லீரலைத் தொடுவது சைக்கஸ். பனைபோல இருப்பதால் 'பாம்' என்று விற்கிறார்கள். அது பனையே இல்லை. எல்லாப் பகுதியும் விஷம், விதை மிக மோசம். இளங்குருத்து விரியும் நாள்களில் இலை மெத்தென்று இருக்கும். பூனை மெல்லுவது அப்போதுதான். முதலில் வாந்தி, இரண்டு மூன்று நாளில் கண்ணும் ஈறும் மஞ்சளிக்கும், இரத்தம் உறையாமல் போகும். பனை மாதிரி ஏதாவது பால்கனியில் இருந்தே ஆக வேண்டும் என்றால் அரேகா பாம் வையுங்கள். அது பூனைக்குப் பாதுகாப்பானது.

நித்தியகல்யாணி பற்றி ஒரு சுவாரசியமான செய்தி. நாய்களுக்கு வரும் ஒருவகைக் கட்டிக்கு நான் ஊசியில் ஏற்றும் வின்கிரிஸ்டின் இந்தச் செடியிலிருந்து பிரித்தெடுத்த மருந்துதான். வளரும் செல்களை நிறுத்துவது அதன் வேலை. அதே செடியைக் கேட்பாரில்லாமல் குட்டி மென்றால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கசப்பு அதிகம் என்பதால் பூனைகள் விரும்பித் தின்று நான் பார்த்ததில்லை. குட்டிகள் ஒரு வயதைத் தாண்டும்வரை எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள்.

கற்றாழை, ஸ்நேக் பிளான்ட், சாமந்தி: இவை வயிற்றோடு நிற்பவை. வாந்தி, பேதி, ஒரு நாள் சோர்வு. கற்றாழையில் நடுவிலுள்ள சதையைவிடத் தோலுக்கு அடியில் வடியும் மஞ்சள் பால்தான் காரணம். அலமாரி மேல் ஏற்றினால் போதும். ரோஜா, மல்லிகை, செம்பருத்தி, துளசி நான்கையும் நிம்மதியாக வைத்துக்கொள்ளுங்கள். ரோஜாவில் முள்தான் பிரச்சினை, மல்லிகையில் அதுவும் இல்லை. ஆனால் மல்லிகை என்று பெயர் ஒட்டிக்கொண்டு வரும் வேறு குடும்பத்துக் கொடிகள் எல்லாம் இந்தச் சலுகையில் சேராது.

கணக்குப் பார்த்தால் முப்பது தொட்டியில் வீட்டை விட்டுப் போவது நாலைந்துதான். உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

செடியைவிடச் செடிக்குப் போடுவது மோசமாக இருக்கும் வீடுகளையும் பார்த்திருக்கிறேன். ஆமணக்குப் புண்ணாக்கை உரமாகக் கலக்கிறீர்களா? எண்ணெய் எடுத்த பிறகும் ரிசின் என்ற கொடிய புரதம் அந்தச் சக்கையிலேயே தங்கும். மணத்துக்கு நாயும் பூனையும் தேடி வரும். எலும்புத்தூளுக்கும் அதே கவர்ச்சி. நத்தைக்கு வைக்கும் மெட்டால்டிஹைடு குருணை இழுப்பு வரவைக்கும். பூச்சிமருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பெயரைத் தனியாக நினைவில் வையுங்கள். சாமந்தியின் உறவுச் செடி ஒன்றில் இயற்கையாகக் கிடைக்கும் பைரித்ரினைப் பார்த்துச் செயற்கையாகச் செய்தது அது. நாய்க்கும் மனிதருக்கும் பெரிய கெடுதல் செய்யாது. பூனைக்கு உடம்பு முழுக்க நடுக்கம், வலிப்பு, சாவு. நாயின் உண்ணிக்கு முதுகில் விடும் சொட்டுமருந்துகள் சிலவற்றில் இது அடர்த்தியாக இருக்கும். "நாய்க்கு நல்லா கேட்டுச்சே" என்று பூனைக்கு விட்டுவிட்டு ஓடி வந்தவர்கள் உண்டு.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டை இன்று மாலை குனிந்து பாருங்கள். அதில் தேங்கியிருக்கும் தண்ணீரில் நீங்கள் போட்ட உரமும் மருந்தும் கரைந்திருக்கும். கிண்ணத்தில் ஊற்றி வைத்த நல்ல தண்ணீரை விட்டுவிட்டுப் பூனை குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். தண்ணீர் ஊற்றிய அரைமணி நேரத்தில் தட்டைக் கவிழ்த்துவிடுங்கள்.

பூனையை விரட்ட மண்ணில் அந்துருண்டை போடச் சொல்வார்கள். போடாதீர்கள்; நாஃப்தலீன் பூனைக்கு விஷம். காப்பித்தூள் சக்கையும் வேண்டாம், அதிலுள்ள காஃபீன் ஆகாது. மண்ணைக் கிளறுவதுதான் தொல்லை என்றால் கைக்கு அடங்கும் அளவில் கூழாங்கற்களை மேலே நெருக்கமாகப் பரப்புங்கள். உயரத்தை மட்டும் நம்பவேண்டாம். வளர்ந்த பூனை நின்ற இடத்திலிருந்து ஐந்தடி தாவும். பக்கத்தில் ஒரு நாற்காலி இருந்தால் உத்தரமும் எட்டும். பூனைக்கும் வெயில் படுகிற, தெரு தெரிகிற ஒரு மேடை கொடுத்தால் தொட்டிகளுக்கு நடுவே அது புகுவதே குறையும்.

புல்லுக்கு வருகிறேன். ஒரு பிடி கோதுமையை இரவு ஊறப்போட்டு, மருந்து தெளிக்காத மண்ணில் நெருக்கமாகத் தூவி மூடுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் விரல் நீளத்துக்குப் புல் நிற்கும். பூனையின் தட்டுக்கு அருகில் வையுங்கள். இரண்டு தொட்டியாக வாரம் மாற்றி விதைத்தால் ஒன்று மொட்டையானதும் அடுத்தது தயாராக இருக்கும். ஓட்ஸ், பார்லியும் ஆகும். சோளம் மட்டும் வேண்டாம். இளஞ்சோளப் பயிரில் சயனைடு தரும் பொருள் உண்டு. மாடுகளே மேய்ந்து விழும். குப்பைமேனியைச் சொல்கிறீர்களா என்று யாராவது கேட்பார்கள். அதற்குப் பூனைவணங்கி என்றே ஒரு பெயர் இருக்கிறது; பிடுங்கிய வேரின் வாசனைக்குப் பூனைகள் மயங்கிப் புரள்வதைப் பார்க்கலாம். தானாக முளைத்ததில் எப்போதாவது புரண்டுவிட்டுப் போகட்டும். ஆனால் அதிலும் சயனைடு வகைச் சேர்மம் இருப்பதால், பூனைக்கென்று தொட்டியில் வளர்த்துக் கொடுக்க நான் சொல்லமாட்டேன்.

கடைசியாக முதலுதவி. உப்புத் தண்ணீர் கூடவே கூடாது. வாந்தி வராமல் உப்பு உள்ளேயே தங்கிவிட்டால் இரத்தத்தில் சோடியம் ஏறி மூளையைத் தாக்கும். விஷத்துக்கு மேல் விஷம். ஹைட்ரஜன் பெராக்சைடு நாய்க்குக் கொடுத்ததாகப் படித்திருப்பீர்கள்; பூனைக்குக் கொடுத்தால் இரைப்பையின் உட்சுவரைப் புண்ணாக்கி இரத்தம் வடிய வைக்கும். பால், எண்ணெய், மோர் எதையும் வாயைப் பிளந்து ஊற்றாதீர்கள். பாதி நுரையீரலுக்குப் போகும். வாந்தி எடுக்க வைக்க எங்களிடம் ஊசி இருக்கிறது. நேரத்தில் வந்தால் அதைச் செய்துவிட்டுக் கரித்தூள் கொடுப்போம்.

நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வாயில் மிச்சம் இருந்தால் விரலால் எடுங்கள், கடிக்காது என்ற நம்பிக்கை இருந்தால். முடியிலோ பாதத்திலோ மகரந்தமோ பாலோ ஒட்டியிருந்தால் பூனையைத் துண்டில் சுற்றிப் பிடித்து, அந்த இடத்தை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரும் மென்மையான சோப்பும் கொண்டு கழுவி, காயும்வரை நக்கவிடாதீர்கள். கடித்த செடியின் ஒரு கிளையை, முடிந்தால் பூவோடு, உறையில் போட்டுக்கொள்ளுங்கள். "ஏதோ பச்சை இலை டாக்டர்" என்பதைவிட அந்தக் கிளை எனக்கு ஆயிரம் மடங்கு உதவும். வாந்தியில் இலைத் துணுக்கு தெரிந்தால் படம் எடுங்கள். எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்று குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.

அறிகுறி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், முக்கியமாக லில்லி விஷயத்தில். ஒரு பெண்மணி பூச்சாடி கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்த ஒரு மணி நேரத்துக்குள் வந்தார். கூடைக்குள் பூனை தன் வாலோடு விளையாடிக்கொண்டிருந்தது. கூட வந்தவர் "இதுக்குப் போய் இவ்வளவு அலம்பலா?" என்று அவரைக் கேலி செய்துகொண்டிருந்தார். மூன்று நாள் சொட்டு ஏற்றி, ஆறு மாதம் கழித்தும் இரத்தப் பரிசோதனை செய்து பார்த்தேன். சிறுநீரகத்தில் ஒரு குறையும் இல்லை. அதுபோன்ற அலம்பல்களை நான் வரவேற்கிறேன்.

இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது, அங்கே சொட்டு ஏற்றித் தங்கவைக்க வசதி உண்டா என்று பகலிலேயே விசாரித்து வையுங்கள். இரண்டு பூனை என்பதால் இன்னொன்று: எது தின்றது என்று கண்ணால் பார்க்கவில்லை என்றால் இரண்டையும் கொண்டுபோங்கள். மணல்தட்டை அள்ளும்போது மூத்திரக் கட்டிகள் தினம் எத்தனை என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்வதும் நல்லது. திடீரென்று கூடினாலும் குறைந்தாலும் சிறுநீரகம் பேசுகிறது என்று பொருள்.

போன வாரத்து மணி பிளான்ட் சங்கதிக்கு இனிமேல் மருந்து எதுவும் வேண்டாம். குட்டி சாப்பிடுகிறது, ஓடுகிறது என்றால் அது மறந்துவிட்டது, நீங்களும் மறக்கலாம். அரளியும் சைக்கஸும் போன இடத்தில் காலியாகும் தொட்டிகளுக்கு ஸ்பைடர் பிளான்ட், பாஸ்டன் ஃபெர்ன், கலாத்தியா மூன்றும் பொருந்தும். மூன்றுமே பூனைக்குப் பயமில்லாதவை. ஸ்பைடர் பிளான்ட்டின் தொங்கும் நுனிகளை மட்டும் இரண்டும் விட்டுவைக்காது. அதற்கு என்னிடம் வைத்தியம் இல்லை.